உருளைக்கிழங்குக்கு அனுமதி இல்லை

கடைசிக் கோழித் தொடையின் தோலை அவன் உரித்துக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“மாப்ள, அதுல ரெண்டு உருளைக்கிழங்கு வெட்டிப் போடுங்க.”

“உருளைக்கிழங்குக்கு இந்த வீட்டுல அனுமதி இல்ல அத்தை,” என்றான் அவன், கோழியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்ன பிறகுதான் கை நின்றது. இரண்டு வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம். நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. போன வாரம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் சொன்னது நாக்குக்கு எட்டவில்லை போலிருக்கிறது. அவனையும் மனைவியையும் மனைவியின் அண்ணனையும் ஓரமாகக் கூப்பிட்டு, இதயம் ரொம்பக் களைத்துவிட்டது, சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது, இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு அழைத்துப்போய் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்றார். அத்தையிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார்கள். அத்தையும் ஏன் என்று கேட்கவில்லை.

மச்சான் காலடிச் சத்தமே கேட்காமல் சமையலறைக்குள் வந்தார். வங்கி அதிகாரி, வேறு ஊரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார். வந்ததிலிருந்து அவர் வாயில் இருந்தது ஒரே சொல்தான்: சரிம்மா. ஜன்னலைத் திற என்றால் சரிம்மா, மூடு என்றால் சரிம்மா. முந்தின நாள் கேக் வேண்டும் என்றாள் அம்மா. ஓடிப்போய்க் கடையிலேயே பெரிய கேக்காகப் பார்த்து வாங்கிவந்தார். ஒரு வாய் தின்றுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்த அத்தை, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பிறகு யாரிடமும் பேசவில்லை. கேக்கில் என்ன குறை என்று மச்சானுக்குப் புரியவே இல்லை.

“மாப்ள, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?” என்றார் இப்போது, குரலைத் தாழ்த்தி. “டாக்டர் என்ன சொன்னார்? ஒரு உருளைக்கிழங்குதானே?”

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. தெரியாமல் வந்துவிட்டது மச்சான் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஹாலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் இருவரும் முதலில் நினைத்தார்கள். எட்டிப் பார்த்தார்கள். அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து கேட்காத சிரிப்பு அது.

“கேட்டியாடா? அனுமதி இல்லையாம்,” என்றாள் மகனிடம். “என்னைத் தூக்கி உக்கார வை. படுத்துக்கிட்டே சண்டை போட முடியாது.”

மச்சான் வழக்கம்போல சரிம்மா என்றார். மூன்று தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்காரவைத்தார். அத்தை கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். பிறகு சமையலறையைப் பார்த்து, தான் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தபோது இப்படி அதிகாரம் பண்ணிய மேனேஜரையே ஓடவைத்தவள் என்றும், கோழியோடு உருளைக்கிழங்கு சேராத சூப்பு கை கழுவின தண்ணி என்றும், மாப்பிள்ளை என்கிற மரியாதைக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டதாகவும் ஆரம்பித்தாள். மூச்சு வாங்கியது. நிறுத்தி, வாங்கி, மறுபடி ஆரம்பித்தாள். ஊருக்கே கேட்கும் பழைய குரல் இல்லை. ஆனால் ஏற்ற இறக்கம் எல்லாம் பழையபடியேதான் இருந்தது.

அவன் ஒரு நூல்கோலைக் கையில் எடுத்து, சமையலறை வாசல்வரை வந்து காட்டினான். “இதுதான் இருக்கு. உருளைக்கிழங்குக்குத் தூரத்துச் சொந்தம்.”

“அந்தச் சொந்தமே வேண்டாம்னுதான் கிழங்கு ஊரை விட்டுப் போயிடுச்சு,” என்றாள் அத்தை.

இந்தச் சண்டைக்கு இரண்டு வயது. கால் விரலில் வந்த புண் ஆறாமல் போனபோதுதான் அத்தை அவர்கள் வீட்டோடு வந்தாள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஆயுள் பூராவும் பிஸ்கட் நடுவில் இருந்தவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். மாவுச்சத்தைக் குறைத்தால் விரலைக் காப்பாற்றலாம் என்றார்கள். குறைப்பது யார்? மகள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மாலை. அவனோ வீட்டுக்குக் கீழேயே சோபா, குஷன் தைக்கும் கடை வைத்திருந்தான். முட்டைகூட உடைக்கத் தெரியாது. அடுப்பில் வைத்துவிட்டுக் கீழே போனால் கருகியது, பக்கத்திலேயே நின்றால் வாடிக்கையாளர் திட்டினார். கடைசியில் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கினான். காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுக் கீழே இறங்கினால் மதியம் அதுவே வேலையை முடித்துவைத்திருக்கும். அத்தை அதற்குச் சோம்பேறிப் பானை என்று பெயர் வைத்தாள்.

விரல் ஆறியது. சண்டை ஆறவில்லை. ஒருநாள் ஹால் சோபாவில் உட்கார்ந்தவனுக்கு எங்கோ நறுக்கென்று சத்தம் கேட்டது. குஷனைத் திருப்பினான். ஓரத் தையல் அவன் போட்டதில்லை. பிரித்து மறுபடி தைத்திருந்தது. உள்ளே, ஸ்பாஞ்சுக்கு நடுவில், இரண்டு பாக்கெட் கிரீம் பிஸ்கட். அத்தை ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு, தையல் கொஞ்சம் கோணல், அடுத்த தடவை உட்பக்கமாகப் போடுங்கள் என்று மட்டும் சொன்னான். மனைவியிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் அத்தைக்கு அவன்மேல் ஒரு பிடிப்பு வந்தது. எல்லாரிடமும் அவனைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தாள்.

அவன் அடுப்படிக்குத் திரும்பி வேலையைப் பார்த்தான். சிறியதாக ஒரு வெங்காயம், கொஞ்சம் தாராளமாகப் பூண்டு, இஞ்சி. அதன்மேல் எலும்போடு கோழி. முட்டைக்கோஸ், காளான். நூல்கோலை ஒரே அளவாகச் சதுரம் சதுரமாக வெட்டினான். துணி வெட்டிப் பழகிய கைக்குக் கோணல் வராது. எல்லாம் முங்கத் தண்ணீர் விட்டு, உப்பும் மிளகும் போட்டு, கண்ணாடி மூடியைப் பொருத்தி, குக்கரின் குமிழை ‘ஹை’யில் வைத்தான்.

காலையில் வந்துபோன நர்ஸ் அவனிடம் படிக்கட்டில் வைத்து ஒன்று சொல்லியிருந்தாள். இன்று அல்லது நாளை. அவன் மனைவிக்குப் போன் செய்தான். அவளை வேலைக்குப் போகச் சொல்லி விரட்டியதே அத்தைதான். அத்தனை பேர் ஸ்டாப்பில் நிற்பார்கள், பஸ்ஸை யார் ஓட்டுவது என்று கேட்டிருந்தாள். இந்த டிரிப்பை முடித்துக் கொடுத்துவிட்டு வருவதாக அவள் சொன்னாள்.

மச்சான் குளிக்கப் போன சமயத்தில் அத்தை அவனைக் கைகாட்டி அழைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் பாதம் வீங்கி வழவழவென்று இருந்தது. போர்வையை இழுத்து மூடினான்.

“மாப்ள, எல்லாரும் என்ன கேட்டாலும் சரி சரிங்கறாங்க. நர்ஸம்மாகூட. நேத்து கேக்கு குடுத்தாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீங்க மட்டும் வேண்டாம்கறீங்களே, ஏன்?”

அவள் கண் கண்ணாடிக்குள்ளிருந்து அவனையே பார்த்தது. கன்வேயர் பெல்ட்டில் ஓடுகிற பிஸ்கட்டில் முனை உடைந்த ஒன்றைப் பொறுக்கி எடுக்கிற பார்வை அது. அவனுக்குப் பொய் வராது. உண்மையும் வரவில்லை.

“சுகர் ஏறிடும் அத்தை,” என்றான்.

“ஏறினா ஏறட்டும்னு விட்டுட மாட்டீங்களே?”

“விட மாட்டேன்.”

அத்தை தலையணையில் சாய்ந்துகொண்டாள். முகத்தில் ஏதோ தளர்ந்து இறங்கியது. “சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருங்க,” என்றாள். பிறகு, அவன் எழுந்திருக்காமல் அங்கேயே இருப்பதைப் பார்த்து, இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இங்கே உட்கார வேண்டாம், கீழே போய் வேலையைப் பாருங்கள் என்று விரட்டினாள்.

அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் மெதுவாகி, ஹாரன் ஒருமுறை சின்னதாக அடித்தது. அந்தத் தெரு மகளின் ரூட். நிறுத்த அனுமதி கிடையாது, ஹாரனுக்கும் கிடையாது. ஆனாலும் அடிப்பாள். அத்தை ஜன்னல் பக்கம் கையைத் தூக்கினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த யாரோ ஒருவர், தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார். அத்தைக்கு அது பெரிய சந்தோஷம். யாருடா அந்த ஆள், நல்லா இருந்தான் என்று குளித்துவிட்டு வந்த மகனிடம் கேட்டாள்.

கீழே போய் அவன் ஒன்றும் செய்யவில்லை. பல் டாக்டர் ஒருவருக்காகச் செய்துகொண்டிருந்த பெஞ்சின் முன்னால், ஸ்டேப்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோழியும் பூண்டும் கலந்த வாசனை படியிறங்கி வந்துகொண்டிருந்தது.

மனைவி யூனிஃபார்மோடு, ஷூவோடு அப்படியே வந்தாள். அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். ஜுரம் பார்க்கிறாயா, எனக்குப் பசி என்றாள் அத்தை. பசி என்ற சொல்லைக் கேட்டு மகளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கத் தொப்பியைக் கழற்றி அம்மா தலையில் வைத்தாள். அத்தை தொப்பியோடேயே இருந்தாள்.

அவன் குக்கரின் மூடியைத் தூக்கினான். ஆவி முகத்தில் அடித்தது. அது விலகியதும், அகப்பையை விட்டுக் கிளறினான். கோழி எலும்பிலிருந்து தானாகவே கழன்று வந்தது. சதுரம் சதுரமாக நூல்கோல். கூடவே, சதுரமில்லாத சில துண்டுகள். ஒன்று முக்கோணம், ஒன்று பாதிச் சந்திரன், ஒன்று எந்தக் கணக்கிலும் சேராத உருவம். ஓரமெல்லாம் கரைந்து, மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது.

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். மச்சான் ஃப்ரிட்ஜின்மேல் ஒட்டியிருந்த மின்சார வாரியத்தின் தொலைபேசி எண்ணை மிக ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்தது. காலையில் இல்லை.

எடுத்து வெளியே போட்டுவிடலாம். இரண்டு கரண்டி வேலை. சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருங்கள் என்று சொன்னவளுக்கு இதைக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சமையலறைக்குள்ளே வந்து பழக்கமே இல்லாத ஒரு மனிதர், எங்கேயோ போய்க் கிழங்கு வாங்கி, விரலை வெட்டிக்கொண்டு, அம்மாவுக்காகத் திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறார். அவன் அகப்பையோடு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சதுரத்தையும் கோணலையும் சேர்த்தே கிண்ணத்தில் ஊற்றினான்.

மனைவி ஊட்டினாள். முதல் கரண்டி வெறும் சாறு. அத்தை கண்ணை மூடி விழுங்கி, உப்பு சரி என்றாள். இரண்டாவது கரண்டியில் கோழி. மூன்றாவதில் அந்த எந்த உருவமும் இல்லாத துண்டு ஏறியது. மச்சான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை மென்றாள். மெல்வது நின்றது. நாக்கால் ஒருமுறை புரட்டினாள். கண் மெதுவாகத் திறந்து, முதலில் மகனின் கட்டைவிரலுக்குப் போனது. பிறகு மருமகனின் முகத்துக்கு வந்தது.

“மாப்ள, இது என்ன?”

“நூல்கோல் அத்தை.”

“நூல்கோலா?”

“ஆமா.”

தொப்பிக்குக் கீழே அந்த முகம் என்ன செய்யப்போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை நிதானமாக விழுங்கினாள்.

“இத்தனை நாளா இதையா நான் குறை சொன்னேன்,” என்றாள். “இன்னொரு நூல்கோல் குடு.”

“நான்தான் அப்பவே சொன்னேனே,” என்றான் அவன்.

“சொன்னீங்க. நீங்க சொல்ற விதம்தான் சரியில்ல.”

மகளுக்கு எதுவும் தெரியாது. அம்மா இவ்வளவு புகழ்கிறாளே என்று தானும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். புருவம் உயர்ந்தது. “ஏங்க, இது உருள…” என்று ஆரம்பித்தவளின் ஷூவை அவன் காலால் நன்றாக மிதித்தான். அவள் அவனைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்கப்போய் அது இன்னும் பெரிதாகி வெடித்தது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத சத்தம். அடுத்து மகளுக்குத் தொற்றியது. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று அத்தை அதட்டினாள். அதட்டிக்கொண்டே அவளுக்கும் தோள் குலுங்கியது, தொப்பி நழுவி மூக்குக்கு வந்தது. அதை யாரும் சரிசெய்ய முடியாத அளவுக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

கிண்ணத்தில் பாதிதான் இறங்கியது. அதுவே அதிகம். போதும் என்றாள். அவன் தலையணை ஒன்றை உருவி அவளைச் சாய்வாகப் படுக்கவைத்தான். தொப்பியை எடுக்கப் போன மகளின் கையைத் தட்டிவிட்டாள்.

மதிய வெயில் கட்டில்வரை வந்திருந்தது. மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வந்ததிலிருந்து முதல்முறையாக, சரிம்மா அல்லாத ஒன்றைப் பேச ஆரம்பித்தார். கம்பெனியில் பெல்ட் நிற்காமல் ஓடிய நாளைப் பற்றிச் சொன்னார். பட்டனை அமுக்க அமுக்க பெல்ட் நிற்கவில்லையாம். பிஸ்கட் மலையாகக் குவிந்து, அத்தையும் மற்ற பெண்களும் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு அள்ளினார்களாம். தகவல் கேட்டு ஓடிவந்த மேனேஜர் கிரீமில் வழுக்கி, உட்கார்ந்தபடியே அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாராம். அன்று சாயங்காலம் அம்மா ஒரு மூட்டை உடைசல் பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் அன்று ராத்திரிச் சாப்பாடே அதுதான். மறுநாள் காலைச் சாப்பாடும் அதுதான்.

“எல்லாம் சாக்லேட் கிரீம்,” என்றார் மச்சான்.

“ஆரஞ்சு,” என்றாள் அத்தை, கண்ணை மூடியபடியே.

சாக்லேட்தான், தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, சட்டையெல்லாம் கறையாயிற்று என்றார் அவர். மகள் ஆரஞ்சு என்றாள். நீ அப்போது எவ்வளவு உயரம் இருந்தாய், உனக்கு என்ன தெரியும் என்றார். எனக்குத்தான் தெரியும், நீ ஒளித்துவைத்ததைத் திருடித் தின்றவள் நான் என்றாள் அவள். அப்படியானால் அது எலி இல்லையா என்று மச்சான் உண்மையாகவே அதிர்ந்துபோனார். அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வாக்குவாதம் எங்கெங்கோ போய்ச் சுற்றி, கடைசியில் இருவரும் ஒரே சமயத்தில் நீதிபதியிடம் திரும்பினார்கள்.

“நீயே சொல்லும்மா,” என்றாள் மகள்.

அத்தை சொல்லவில்லை. வாய் ஓரத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவன்தான் முதலில் எழுந்தான். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அதைக் கீழே வைக்க மனம் வராமல் பிடித்துக்கொண்டே நின்றான். மனைவி அம்மாவின் முகத்திலிருந்து அவன் முகத்துக்குப் பார்வையை மாற்றினாள். யாரும் சத்தம் போடவில்லை. மச்சான் மட்டும், ஆரஞ்சுதான், ஆரஞ்சுதான் என்று இரண்டு தடவை சொன்னார்.

நர்ஸ் வந்தாள். மேல்மாடிக்காரர்கள் வந்தார்கள். போன்கள் போயின, வந்தன. நர்ஸ் தொப்பியைக் கண்டு தயங்கியபோது, அது இருக்கட்டும் என்றாள் மகள். வண்டி வந்து அத்தையை ஆஸ்பத்திரிக் குளிர் அறைக்கு எடுத்துக்கொண்டு போவதற்குள் வெளிச்சம் குறைந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. சூப்பு இன்னும் சூடாகவே இருந்தது. சமையலறையில் நின்றபடியே, ஆளுக்கொரு கிண்ணத்தில் குடித்தார்கள். நல்லா இருக்கு மாப்ள என்றார் மச்சான். மனைவி பாத்திரத்தின் அடியைச் சுரண்டி அண்ணனின் கிண்ணத்தில் போட்டாள்.

மறுநாள் மதியம்தான் எல்லாரும் தகனத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. காலையில் அவனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கீழே இறங்கிக் கடையைத் திறந்தான். பெஞ்சின்மேல் பச்சை ரெக்சினை விரித்தான். கொஞ்ச நேரத்தில் மச்சான் இறங்கி வந்து, நான் ஏதாவது பண்ணட்டுமா என்று கேட்டார். அந்த ஓரத்தைப் பிடியுங்கள் என்றான்.

பெஞ்சு முடிந்துவிட்டதா என்று பார்க்கப் பல் டாக்டர் வந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. இருவரும் சொல்லவும் இல்லை. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரெக்சின் முனையைப் பிடித்திருந்த பெரிய மனிதரைப் பார்த்து, புதுசா ஆள் சேர்த்திருக்கிறீர்களா என்றார்.

“என் மச்சான்,” என்றான் அவன்.

டாக்டர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, நாளை வருவதாகச் சொல்லிப் போனார். மேலே மனைவி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் இழுங்க மச்சான்.”

“இப்படியா?”

“இன்னும் கொஞ்சம்.”

மச்சான் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் இழுத்தார். துணியில் இருந்த சுருக்கம் மெல்ல நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தது. அப்படியே பிடிங்க என்று சொல்லிவிட்டு, அவன் குனிந்து ஸ்டேப்ளரை அழுத்தினான்.